நாளைக்கு டீக்கு

கழுவிய டிபன் பாக்ஸையே திரும்பவும் கழுவிக்கொண்டிருந்தாள் செண்பகவல்லி. எலுமிச்சைச் சோற்றின் மஞ்சள் மூடியின் விளிம்பில் இன்னும் ஒட்டியிருக்கிற மாதிரி ஒரு நினைப்பு. தேய்த்தால் இல்லை, கையை எடுத்தால் இருக்கிறது. சனிக்கிழமை மத்தியானம், ஆராய்ச்சி நிலையத்தின் இரண்டாவது மாடியில் ஈ காக்கா கிடையாது, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் கழுவலாம், குழாயைத் திறந்துவிட்டு நின்றால் ஏன் என்று கேட்க ஆள் இல்லை. ஆள் இல்லாததுதான் இன்றைக்குக் கஷ்டமாக இருந்தது. யாராவது வந்து, என்ன மேடம், அந்த டப்பாவை விடமாட்டீர்களா என்று கேட்டால், ஒன்றுமில்லை, சிவப்பு சிவப்பையே பிடித்திருக்கிறது, அதான் என்று சொல்லியிருப்பாள். சொன்னால் யாருக்குப் புரியும். ஒருவருக்குப் புரியும். அந்த ஒருவருக்குத்தான் டீ நேரத்தில் போன் போட வேண்டும், போட்டுச் சொல்ல வேண்டும், சொல்லிவிட்டால் அப்புறம் போன் போடக் காரணம் இருக்காது. இதை நினைத்ததும் குழாயை மூடினாள். தண்ணீர் நின்ற பிறகுதான் காரிடாரில் வேறு சத்தமே இல்லை என்பது தெரிந்தது. உடனே மறுபடி திறந்து கையை நனைத்துக்கொண்டாள்.

விஷயம் என்னவென்றால், அவளுடைய பிழைப்பே ஒரு பெட்டிக்குள்தான். கம்ப்யூட்டருக்குள் இருக்கிற பெட்டி. அதில் தண்ணீர், தண்ணீரில் இழைகள். உடம்புக்குள் இருக்கிற சங்கதிகளைப் போல கொழகொழவென்று வளைந்து கொடுக்கிற இழைகள். நிஜத்தில் ஒரு சொட்டுத் தண்ணீரில் கோடானுகோடி இருக்கும், அத்தனையையும் கணக்குப் போட எந்த மெஷினாலும் முடியாது, ஆகவே சின்னதாக ஒரு பெட்டி கட்டி, இரண்டே இரண்டு இழைகளை விட்டு, சுவருக்குப் பதிலாக ஒரு தந்திரம் செய்வார்கள்: வலது பக்கம் வெளியே போவது எதுவோ அதுவே இடது பக்கம் உள்ளே வரும். மேலே போனது கீழே வரும். பெட்டிக்குப் பக்கத்தில் அதே பெட்டி, அதற்குப் பக்கத்திலும் அதே பெட்டி என்று முடிவே இல்லாமல் போவதாக ஒரு பாவனை. இந்தத் தொழிலில் எல்லாரும் செய்வதுதான், தப்பில்லை. ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும், பெட்டி போதுமான அளவு பெரிதாக இருக்கவேண்டும். சின்னதாகிவிட்டால் வலது பக்கம் நீட்டின கை இடது பக்கமாக உள்ளே வந்து தன் தோளையே தொடும். தொட்டது வேறு யாரோ என்று இருக்கும். புதிதாகச் சேருகிற பிள்ளைகளுக்கு செண்பகவல்லியே போர்டில் படம் போட்டுச் சொல்லித் தருகிற பாலபாடம் இது. அந்தப் பாலபாடத்தில்தான் அவள் வழுக்கி விழுந்திருக்கிறாள். போன வருஷம் கீழ்த்தளத்து மெஷினுக்கு அடிபிடி, பெட்டி பெரிதென்றால் வரிசையில் பின்னால் தள்ளிவிடுவார்கள், இழைகள் இரண்டும் அப்போது சுருண்டு கிடந்தன, சுருண்டு கிடக்க இந்த இடம் தாராளம் என்று நினைத்தாள். நீளும் என்று தோன்றவில்லை. சுருண்டது சுருண்டே கிடக்கும் என்று ஏன் நினைத்தாள்? அவளும் அப்படித்தான் கிடந்தாள், அதனால் நினைத்திருப்பாள்.

அறைக்கு வந்து டப்பாவை ஜன்னல் ஓரம் கவிழ்த்து வைத்தாள். கவிழ்த்ததும் சென்னியப்பன் ஞாபகம். இந்த ஒரு வருஷமாக எதைக் கவிழ்த்தாலும் அவர் ஞாபகம்தான், டம்ளரைக் கவிழ்த்தாலும், வாளியைக் கவிழ்த்தாலும். பெட்டிக்குள் ஒன்றின் வால் நீண்டு இன்னொன்றின் தலையைப் பிடித்த அன்றைக்கு அவள் நாற்காலியை விட்டு எழுந்தே நின்றுவிட்டாள். பிடித்த பிடியை விடவே இல்லை அது. இப்படி ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டே போனால் தண்ணீர் முழுக்க வலை பின்னிக்கொள்ளும், தண்ணீரே ஜெல்லாகிவிடும், வெட்டுக்காயத்தில் வைத்தால் உடம்பு தன்னுடையது என்று ஏற்றுக்கொள்கிற ஜெல். அப்படித்தான் எழுதினாள், அச்சிலும் வந்தது. அதைப் படித்துவிட்டுப் புனேயிலிருந்து ஒருவர் மெயில் போட்டார், அந்த இழையை நிஜமாகவே நான் செய்து பார்க்கட்டுமா என்று. ஆங்கிலத்தில்தான் எழுதியிருந்தார், ஆனாலும் அந்த மரியாதை பெருந்துறைப் பக்கத்து மரியாதை, அது எந்த மொழியில் வந்தாலும் தெரிந்துவிடும். அவள் கம்ப்யூட்டர்க்காரி, அவர் குழாயும் குப்பியுமாகக் கையால் வேலை செய்கிறவர். இழையைத் தண்ணீரில் கரைத்து, சின்னக் கண்ணாடிக் குப்பியில் ஊற்றி, ஆடாமல் அசையாமல் ஒரு நாள் வைத்திருந்து, மறுநாள் தலைகீழாகக் கவிழ்ப்பார். ஜெல் ஆகியிருந்தால் மேலேயே நிற்கும். ஆகாவிட்டால் ஊற்றும். பரீட்சை அவ்வளவுதான், தயிர் தோய்ந்துவிட்டதா என்று பாத்திரத்தைச் சாய்த்துப் பார்க்கிற மாதிரி. கவிழ்ப்பது டீ நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால். அதனால் அவள் டீ நேரத்தில் கூப்பிட்டாள். அவர் அங்கே ஒரு டம்ளரோடு, அவள் இங்கே ஒரு டம்ளரோடு. முதலில் எப்போதாவது, பிறகு வாரத்துக்கு வாரம், பிறகு எப்படியோ தினமும் என்று ஆகிவிட்டது.

“கவுத்துனேனுங்க மேடம்.”

“என்ன ஆச்சு சார்?”

“ஊத்திருச்சு.”

இதுதான் ஒரு வருஷத்துப் பேச்சு. இது இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிடும், மீதி நேரம் முழுக்க அவள் பேசுவாள். தூத்துக்குடி ரயில் லேட்டானது, அடுத்த வீட்டுக்காரர் மாடியில் புறா வளர்ப்பது, ஹாஸ்டலில் படித்த காலத்தில் சாம்பாரில் பல்லி விழுந்தது, அப்பா செத்த அன்றைக்கு வீட்டுக் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்க எல்லாரும் மறந்துபோனது. அவர் ம் என்பார். அதுவா என்பார். அடடா என்பார். கடைசியில் அவள், “சரி சார், நாளைக்கு டீக்கு” என்பாள். அவரும், “நாளைக்கு டீக்கு” என்பார். போனை வைத்த பிறகு அந்த அறை முன்னைவிடக் கொஞ்சம் பெரிதாகத் தெரியும் அவளுக்கு. வீட்டுக்குப் போய்ச் சமைத்து, டிவி பார்த்து, தூங்கி எழுந்து மறுநாள் டீ வரைக்கும் வேறு யாரிடமும் வாய் திறக்காத நாளெல்லாம் உண்டு. காய்கறிக்காரரிடம் அரைக் கிலோ என்று சொன்னது பேச்சில் சேர்த்தி என்றால் சேர்த்துக்கொள்ளலாம். நாற்பதைத் தாண்டிய பொம்பிளை, டாக்டர் பட்டம் வாங்கினவள், ஒரு டம்ளர் டீக்கு இப்படிப் பறக்கிறாளே என்று வெளியே தெரிந்தால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். சென்னியப்பனுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்றுகூட அவளுக்குத் தெரியாது. அவள் கேட்கவில்லை, அவர் சொல்லவில்லை. அம்மா கூட இருக்கிறார், மூட்டு வலி, புனே குளிர் ஒத்துக்கொள்ளவில்லை, இவ்வளவுதான் தெரியும், அதுவும் அவளே தோண்டித் தோண்டிக் கேட்டு வாங்கியது. அவராக என்ன கேட்டிருக்கிறார்? ஒன்றுமே கேட்டதில்லையா? இருக்காது, ஒரு நாளாவது சாப்பிட்டீர்களா என்று கேட்டிருப்பார். கேட்டாரே. இல்லை, சாப்பிட்டீங்களா சார் என்று இவள் கேட்டாள், ஆச்சுங்க, நீங்க என்று அவர் முடித்தார். அந்த ‘நீங்க’ கேள்வியா, இவள் வீசின பந்து திரும்பி வந்ததா.

இப்போது இந்த இடத்தில்தான் மனசு முள்ளில் மாட்டின துணி மாதிரி நின்றது, முன்னால் இழுத்தாலும் பின்னால் இழுத்தாலும் கிழியும். காலையில் நடந்தது இதுதான். நேற்று டீயின்போது சென்னியப்பன் குரல் ஒரு மாதிரி இருந்தது. போதும் மேடம், எனக்குக் கைராசி இல்லீங்க என்றார். நீங்க சொல்றது தப்பா இருக்காது, உங்க பெட்டியில் அது அவ்வளவு கெட்டியாப் பிடிச்சுட்டு நிக்குது, என் கையில்தான் ஏதோ கோளாறு. தண்ணியை மாத்தினேன், குப்பியை மாத்தினேன், கழுவுற சோப்பைக்கூட மாத்தினேன். கை நடுங்குதோன்னு டாக்டர்கிட்டயும் போய்ட்டு வந்துட்டேனுங்க. நாளைக்குச் சாயங்காலம் டைரக்டரைப் பார்த்து, என்னைச் சாமான் வாங்குற ஆபீசுக்கு மாத்திருங்கன்னு சொல்லப் போறேன். போறதுக்கு முன்னாடி நல்லதா ஒரு படம் குடுங்க, ரெண்டு இழைக்கும் ரெண்டு கலர் போட்டு, இதுதான் வரணும், என் கையால வரலீங்கன்னு அவர்கிட்டக் காட்டணும். அவ்வளவு நீளமாக அவர் பேசி அவள் கேட்டதே இல்லை. ராசி பார்க்கிற தொழிலா இது, என்ன சார் நீங்க என்று அதட்டினாள், அதட்டிவிட்டு, படம் காலையில் போட்டு வைக்கிறேன் என்றாள். காலையில் உட்கார்ந்து ஒன்றுக்குச் சிவப்பு போட்டாள், ஒன்றுக்கு நீலம் போட்டாள். இத்தனை நாள் இரண்டும் சாம்பல். அச்சு அசல் ஒரே மாதிரி இருக்கிற இரண்டுக்கு எதற்கு வேறு வேறு நிறம் என்று விட்டிருந்தாள். நிறம் ஏறியதும் சிவப்பின் வால் வலது பக்கம் வெளியே போய், இடது பக்கம் உள்ளே வந்து, சிவப்பின் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தது. நீலம் ஒரு மூலையில் தன்பாட்டுக்குச் சுருண்டு கிடந்தது. அது யாரையும் பிடிக்கவில்லை, அதை யாரும் பிடிக்கவில்லை.

முதலில் அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது, சத்தியமாக. அட மூதேவி, உன் கையையேவா இத்தனை நாள் பிடித்துக்கொண்டிருந்தாய் என்று சிவப்பைப் பார்த்துச் சொன்னாள். சொன்ன பிறகுதான் சிரிப்பு நின்றது. ஒரு வருஷமாகப் புனேயில் ஒரு மனுஷன் குப்பி குப்பியாகக் கவிழ்த்து, ஊற்ற ஊற்றத் துடைத்து, தன் கையைத் தானே திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறார். கையில் ஒன்றும் இல்லை. ஊற்றுவதுதான் சரி. அவர் கவிழ்த்த ஒவ்வொரு குப்பியும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது, இவள்தான் காது கொடுக்கவில்லை. உடனே கூப்பிட்டிருக்க வேண்டும், அந்த நிமிஷமே. கூப்பிடவில்லை. பெட்டியைப் பெரிதாக்கி, கீழ்த்தளத்து மெஷின் சனிக்கிழமை காலியாகக் கிடந்ததால் சிவப்பையும் நீலத்தையும் அதில் விட்டு, ஓடவிட்டாள். எதற்கு? சரிபார்க்க என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பொய். ஒருவேளை, ஒரே ஒருவேளை, பெரிய பெட்டியில் சிவப்பும் நீலமும் நிஜமாகவே ஒன்றையொன்று பிடித்துவிட்டால் எதையும் சொல்ல வேண்டியதில்லை. தப்பான வழியில் சரியான இடத்துக்கு வந்திருக்கிறோம் என்று ஆகிவிடும், டீயும் தப்பித்துவிடும். இதற்காகத்தான் இத்தனை நேரமும் உட்கார்ந்திருக்கிறாள், சோறு இறங்காமல், டப்பாவைத் தேய்த்துக்கொண்டு.

திரையில் பெட்டிக்குள் தண்ணீர் தெரியாது, அதை மறைத்து வைத்துவிடுவாள், இல்லாவிட்டால் இழை தெரியாது. ஆகவே பார்க்கிறவர்களுக்குக் கறுப்பு வெளியில் இரண்டு நூல் துண்டுகள். சிவப்பு நீண்டுவிட்டது, வாலை ஆட்டி ஆட்டி எதையோ தேடுகிற மாதிரி இருந்தது. தேடவில்லை, அதற்குத் தேடத் தெரியாது, தண்ணீர் முட்டி முட்டித் தள்ளுகிறது, தள்ளின பக்கம் போகிறது. இது அவளுக்குத் தெரியாதா என்ன. தெரிந்தும், அந்தப் பக்கம் இல்லை, இந்தப் பக்கம் திரும்பு, திரும்பேன் என்று உதடு முணுமுணுத்தது. நீலம் மெதுவாக அவிழ்ந்துகொண்டிருந்தது. இரண்டுக்கும் நடுவில் இவ்வளவு இடம் இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை. அந்தச் சின்னப் பெட்டியில் எல்லாம் கிட்டத்தில் இருந்தன, கையை நீட்டினால் போதும், எதுவோ தட்டுப்பட்டது. போன் அடித்தது. அவரா? அவர் கூப்பிட மாட்டார், அவர் கூப்பிட்டதே இல்லை, எப்போதும் அவள்தான். போன் திரையில் தங்கையின் பெயர், கோமதி, கோவில்பட்டி.

“யக்கா, என்ன செய்யுத?”

“வேலையாத்தான் இருக்கேன். சொல்லு.”

“தீபாவளிக்கு வாரியா இல்லியா? இவுக கேக்காக. டேய், அதை எடுக்காதடா, சுடும்! ஒனக்கும் சேத்து முறுக்குச் சுடணும்லா.”

“வாரேன்னுதான் நெனைக்கேன். கோமு, ஒண்ணு கேக்கட்டா?”

“கேளு. டேய், நான் சொல்லிக்கிட்டே இருக்கேன்லா.”

“நான் ரொம்பப் பேசுதேனோ?”

“நீயா? ஒன் வாயில கொழுக்கட்டைய வச்சுல்லா அனுப்பி வச்சாவ ஊரை விட்டு. போன் போட்டா ஆங், ஊங், அம்புட்டுத்தான். ஏன், யாரு சொன்னா?”

“யாரும் சொல்லல.”

“சரிக்கா, எண்ணெய் காயுது. பொறவு பேசுதேன்.”

போன் ஓய்ந்தது. கோமதியிடம் ஆங், ஊங். சென்னியப்பனிடம் அணை உடைந்த மாதிரி. இரண்டும் ஒரே வாய்தானா என்று செண்பகவல்லிக்கே ஆச்சரியமாக இருந்தது. ஏன் அவரிடம் மட்டும்? அவர் குறுக்கே பேசவில்லை, அதனாலா. அங்கே யாரும் எண்ணெய் காய வைக்கவில்லை, அதனாலா. ம் என்று ஒருவர் சொல்லிக்கொண்டே இருந்தால் போதும், அதைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு தூரமும் போய்விடலாம். ஆனால் அந்த ம் அவருடையதா? இவள் நிறுத்துகிற இடத்தில்தான் அது வரும். இவள் சிரித்தால் அவர் சிரிப்பார். இவள் நாளைக்கு டீக்கு என்றால் அவர் நாளைக்கு டீக்கு என்பார். ஒரு நாளாவது அவர் முதலில் சொல்லியிருக்கிறாரா? யோசித்துப் பார்த்தாள், மழை பெய்த நாள், அவருக்குக் காய்ச்சல் கண்ட நாள், இவள் வாட்டர் டேங்க் உடைந்த கதையைச் சொல்லி அழுத நாள். எல்லா நாளும் இவள்தான் முதலில். வலது பக்கம் போனது இடது பக்கமாக வந்திருக்கிறது, அவ்வளவுதானோ. ஒரு வருஷமாக அவள் தன்னுடைய கையையே பிடித்துக்கொண்டு, ஆகா, எவ்வளவு கெட்டியாகப் பிடிக்கிறார் என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தாளோ. அவளுக்குப் பயமாக இருந்தது. வேலை போய்விடும், அச்சான பேப்பரைத் திரும்ப வாங்க வேண்டும், பெயர் கெடும், அதெல்லாம் பயம்தான், ஆனால் அதெல்லாம் பகலில் ஆள் நடமாட்டத்தில் வருகிற பயம். இது வேறு. கிணற்றுக்குள் எட்டிப் பார்த்து ஏய் என்று கூப்பிட்டால் ஏய் என்று வரும், சின்ன வயசில் அதற்குப் பயந்து அழுதிருக்கிறாள்.

ஒன்று செய்யலாம். இது அவளுக்கு மத்தியானத்திலிருந்தே தெரியும், தெரியாத மாதிரி சுற்றிக்கொண்டிருந்தாள், இப்போது வந்தே விட்டது. படம் இன்னும் தயாராகவில்லை சார், அதுக்குள்ள ஏன் டைரக்டர்கிட்டப் போறீங்க, தண்ணியில கலக்குற உப்பை மட்டும் கொஞ்சம் மாத்திப் பாருங்க, எனக்கு என்னவோ உப்புலதான் இருக்குன்னு தோணுது என்று சொன்னால் போதும். மாற்றுவார். அவள் சொன்னால் எதையும் செய்வார் அவர், பாவி மனுஷன். உப்பு ஒரு மாசம் ஓடும். அப்புறம் சூடு, அது ஒரு மாசம். தினமும் கவிழ்ப்பார், ஊற்றும், ஊத்திருச்சுங்க மேடம் என்பார், அப்புறம் புறா, ரயில், நாளைக்கு டீக்கு. யாருக்கும் நஷ்டம் இல்லை. அவருக்குத்தான் நஷ்டம். டாக்டரிடம் போய்க் கையை நீட்டி, பாருங்க, நடுங்குதா என்று கேட்டிருக்கிறார். அந்தக் காட்சியை அவள் பார்க்கவில்லை, ஆனாலும் காலையிலிருந்து அது கண்ணை விட்டுப் போகவில்லை. மேஜைமேல் நீட்டி வைத்த இரண்டு கைகள், விரல் விரித்து, அவருடைய முகம் அவளுக்குச் சரியாகத் தெரியாது, பழைய போட்டோ ஒன்றுதான், ஆகவே கைகள் மட்டும். ஒரு டம்ளர் டீக்காக ஒருவரைத் தன் கையைத் தானே சந்தேகப்பட வைக்கலாமா? சீ, என்ன பிறவி நீ என்று தன்னையே திட்டிக்கொண்டாள். திட்டினது நெஞ்சில் உறைக்கத்தான் செய்தது, ஆனாலும் உப்பு என்கிற அந்த வார்த்தை நாக்கு நுனியில் தித்திப்பாக உட்கார்ந்திருந்தது.

திரையில் சிவப்பு திரும்பியிருந்தது. அவள் கவனிக்காத நேரத்தில், எப்போது திரும்பியதோ, வால் நீலத்தை நோக்கி நீண்டிருந்தது. செண்பகவல்லி நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். நீலமும் அவிழ்ந்து, தலையைத் தூக்கின மாதிரி இருந்தது. வா, வா என்றாள். முருகா என்றாள், அவளுக்கு அவ்வளவாகப் பழக்கமில்லாத வார்த்தை. கிட்டத்தில் வந்தன, நடுவில் தண்ணீர் ஒரு கையளவு இருக்கும், அந்த உலகத்துக் கையளவு. சிவப்பின் வால் நுனி நீலத்தின் தலையை உரசிக்கொண்டு போனது. போயே போனது. பிடிக்கவில்லை. நின்றுகூடப் பார்க்கவில்லை. இரண்டும் அததன் பாட்டுக்கு வேறு வேறு பக்கம் திரும்பிக்கொண்டன. அப்படியானால் தொட்டாலும் பிடிக்காது, இவற்றுக்கு ஒன்றின்மேல் ஒன்றுக்கு அப்படி ஒன்றும் ஆசை இல்லை. இனிமேல் எவ்வளவு நேரம் ஓடவிட்டாலும் இதேதான் என்பது தொழில் தெரிந்த அவள் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. செண்பகவல்லிக்கு அழுகை முட்டியது. நூல் துண்டுக்காக அழுகிறாயா என்று கேட்டால் இல்லை என்பாள். வேறு எதற்கு என்று கேட்டால், அவளுக்குச் சொல்லத் தெரியும், சொல்ல மாட்டாள்.

கீழே கேண்டீனில் டீ வாங்கிக்கொண்டு மாடி ஏறினாள். ஏறும்போது ஒரு யோசனை வந்தது, கிறுக்குத்தனமான யோசனைதான். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுவது, அதில் மாற்றமில்லை, படியில் ஏறும்போதே அது முடிவாகிவிட்டது, அந்தக் கைகளை அவளால் தாங்க முடியவில்லை. ஆனால் எல்லாம் சொல்லி முடித்த பிறகு, கடைசியில், நாளைக்கு டீக்கு என்று சொல்வதில்லை. வாயை மூடிக்கொள்வது. பெட்டியைப் பெரிதாக்குவது என்றால் இதுதானே, தன் கை தனக்கு எட்டாதபடி இடம் விடுவது. விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும் அந்தப் பக்கம் யாராவது இருக்கிறார்களா என்று. ஒன்றும் வராவிட்டால் ஒன்றும் இல்லை. இருந்ததே இல்லை. அதையும் தெரிந்துகொண்டு என்ன செய்யப் போகிறாள் என்று அவள் யோசிக்கவில்லை. மேஜைமேல் டீயை வைத்தாள், போனை எடுத்தாள், விரல் தானாகவே அந்தப் பெயருக்குப் போனது.

“சொல்லுங்க மேடம்.”

“கவுத்தீங்களா சார்?”

“கவுத்துனேனுங்க. ஊத்திருச்சு. படம் ஆச்சுங்களா? அஞ்சு நிமிசத்துல டைரக்டர் ரூமுக்குப் போகோணும்.”

“சார், போகாதீங்க. நான் சொல்றதக் கேட்டுட்டுப் போங்க. படத்துல கலர் போட்டேன். சிவப்பு சிவப்பைத்தான் பிடிச்சிருக்கு. நீலத்தை இல்ல. நான் பெட்டியச் சின்னதாக் கட்டிட்டேன், அதோட வால் சுத்தி வந்து அதோட தலையையே பிடிச்சிருக்கு. பெரிய பெட்டியிலயும் போட்டுப் பாத்துட்டேன். ரெண்டும் தொட்டுட்டு விலகிப் போகுது. எல்லாம் என் தப்பு சார்.”

அந்தப் பக்கத்திலிருந்து ம் கூட இல்லை. எங்கேயோ ஒரு மின்விசிறி கடகடத்தது, அது அவருடைய அறையா இவளுடைய அறையா என்று புரியவில்லை.

“அப்போ,” என்றார் சென்னியப்பன். “கவுத்துனா ஊத்தத்தான் செய்யுங்களா?”

“ஊத்தத்தான் சார் செய்யும்.”

“யாரு கவுத்துனாலும்?”

“யாரு கவுத்தாலும்.”

“என் கையில ஒண்ணுமில்லீங்களா?”

“ஒண்ணுமில்ல சார். உங்க கை நல்ல கை.”

அவர் சிரித்தார். இவள் சிரிக்கவில்லை, அவர் சிரித்தார், மூச்சு வாங்கும் அளவுக்கு, நடுவில் கொஞ்சம் அழுத மாதிரியும் இருந்தது. அம்மா என்று வீட்டில் கூப்பிடுகிற மாதிரி கூப்பிடப்போய், ஆபீசில் இருப்பது ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டார். டைரக்டர்கிட்டப் போறேன், ஆனா மாத்துங்கன்னு சொல்ல மாட்டேனுங்க, வேற இழை செய்யப் போறேன்னு சொல்லுவேன் என்றார். நீங்க மனசு விட்டுச் சொன்னீங்க பாருங்க, அது பெருசு என்றார். தப்பாக இருக்கிறதென்று, அவள் கட்டுரையை அச்சுப் போட்ட பத்திரிகைக்கு எப்படி எழுதுவது என்று இரண்டு வார்த்தை பேசினார்கள். அப்புறம் பேச ஒன்றும் இல்லை. புறா இருந்தது, ரயில் இருந்தது, கோமதியின் முறுக்கு இருந்தது, செண்பகவல்லி எதையும் எடுக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இடம் விட்டாள். ஒரு மூச்சு, இன்னொரு மூச்சு.

“சரிங்க,” என்றார்.

அவள் பேசவில்லை.

“ஏனுங்க மேடம், எப்பவும் ஒண்ணு சொல்வீங்களே. இன்னிக்குச் சொல்லலையே?”

இதை அவள் அனுப்பவில்லை. இது அவளிடமிருந்து போய்ச் சுற்றி வந்தது இல்லை. நாளைக்கு டீக்கு என்று சொல்ல வாய் திறந்தாள், திறந்த வாய் திறந்தபடியே நின்றது, குரல் ஏறவில்லை, இத்தனை நாள் கொட்டின வாய், இன்றைக்குப் பார்த்து.

“ம்?” என்றாள்.

“இல்லீங்க, ஒண்ணுமில்ல.” அவர் கொஞ்சம் தயங்கினார். “அதான் வேலை முடிஞ்சுபோச்சுங்களே. இனி எதுக்கு உங்களுக்குச் சிரமம். வெச்சர்றேனுங்க.”

வைத்துவிட்டார். போன் கையில் சூடாக இருந்தது. டீயில் ஆடை படிந்துவிட்டது. திரையில் சிவப்பும் நீலமும் ஆளுக்கொரு பக்கமாகப் போய்க்கொண்டிருந்தன. செண்பகவல்லி தொண்டையைச் செருமிக்கொண்டாள், செருமியதும் குரல் நன்றாகவே வந்தது.

“நாளைக்கு டீக்கு,” என்றாள், வெறும் அறையில், சத்தமாகவே.

யாரும் திருப்பிச் சொல்லவில்லை.